அயல் இனத்தை அகற்றுவதா, வெளிறலைச் சமாளிப்பதா: பவளத்திட்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் எங்கே போடுவது?

பவளத்திட்டைப் பராமரிக்கும் பொறுப்பு கடல் பூங்கா அலுவலகத்திடம் இருந்தாலும் சரி, மீனவர் சங்கத்திடம் இருந்தாலும் சரி, ஆண்டுத் திட்டம் போடும்போது இழுபறி ஒரே இடத்தில்தான் வரும். இருப்பது ஒரு படகு, முக்குளிக்கத் தெரிந்தவர் நாலைந்து பேர், ஓர் அளவுக்குப் பணம். இவற்றை வெளியிலிருந்து வந்து பெருகும் அயல் இனங்களை அகற்றுவதில் இறக்குவதா, வெப்பத்தால் பவளம் நிறமிழந்து வெள்ளையாகும் வெளிறலைச் சமாளிப்பதில் இறக்குவதா? பல இடங்களில் பாதிப்பாதியாகப் பிரித்துவிடுகிறார்கள். கூட்டம் சுமுகமாக முடியும். கடலில் இரண்டு வேலையும் அரைகுறையாக நிற்கும். அயல் பாசியை முக்கால்வாசி எடுத்துவிட்டு நிறுத்தினால் மிச்சமிருக்கும் கால்வாசி மீண்டும் படரும். நட்ட பவளத்தை முதல் கோடை வரை பார்த்துக்கொண்டு விட்டுவிட்டால் அடுத்த கோடையில் போய்விடும்.

இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே உள்ள அடிப்படை வேறுபாடு இது: வெளிறலின் காரணம் நம் திட்டுக்கு வெளியே இருக்கிறது, கடலை யாரும் குளிர்விக்க முடியாது. அயல் இனத்தின் காரணம் பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பாலஸ்ட் நீர், படகின் அடிப்பகுதி, மீன்தொட்டியிலிருந்து கடலில் விட்ட உயிர், பண்ணையிலிருந்து பிய்ந்த பாசித் துண்டு என்று ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் அது வருகிறது. வாசல் தெரிந்தால் அடைக்கலாம். ஆனால் உள்ளே வந்து வேரூன்றிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது: கடலில் பரவிய அயல் இனத்தை முற்றாக ஒழித்த உதாரணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே கேள்வியை 'எது பெரிய ஆபத்து' என்று கேட்காமல், 'எந்தக் கட்டத்தில் போடும் பணம் வேலை செய்யும்' என்று கேட்பதே பயன்படும்.

வெளிறலின் கணக்கு

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை ஒளிச்சேர்க்கை மூலம் அவையே தருகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த ஒளிச்சேர்க்கை தறிகெட்டு, திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. திசு கண்ணாடி போலாகி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இந்த நிலையில் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் மீளும். வெள்ளையாகிவிட்டதே என்று இந்தக் கட்டத்தில் பவளத்தைப் பெயர்த்து அப்புறப்படுத்துவது உயிரோடு இருப்பதைக் கொல்வதாகும்.

எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதற்கு அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பயன்படுத்தும் அளவை எளிது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 29 டிகிரி செல்சியஸ் என்று வைப்போம். அதற்கு மேல் 1 டிகிரி, அதாவது 30 டிகிரியைத் தொட்ட வெப்பம் மட்டுமே கணக்கில் வரும். ஒரு வாரம் 30.5 டிகிரியில் நின்றால் 1.5 டிகிரி-வாரம். அப்படி மூன்று வாரம் போனால் 4.5. கடைசி 12 வாரங்களின் கூட்டல் 4-ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க வெளிறல், 8-ஐத் தாண்டினால் கடும் வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம். 29.8 டிகிரியில் ஒரு மாதம் நின்றாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். செயற்கைக்கோள் தரவு 5 கிலோமீட்டர் சதுரங்களாக இலவசமாகவே கிடைக்கிறது. 2023-ல் வெப்பம் பழைய எச்சரிக்கை நிலைகளைத் தாண்டிப் போனதால், அந்த ஆண்டு டிசம்பரில் மேலும் மூன்று நிலைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நான்காவது உலகளாவிய வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முந்தையவை 1998, 2010, 2014–17.

செயற்கைக்கோள் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. அடியில் என்ன நடக்கிறது என்று அறிய, 3 மீட்டரிலும் 10 மீட்டரிலும் ஒவ்வொரு வெப்பப்பதிவுக் கருவி வைத்தால் போதும். அரை மணிக்கொரு அளவு எடுக்கட்டும். கருவி நேரடி வெயிலில் இருந்தால் ஆழம் குறைந்த நீரில் உண்மைக்கு மேலான அளவைக் காட்டும். ஒரு குழாய்த் துண்டுக்குள் வைத்து நிழல் கொடுக்க வேண்டும். இறக்குவதற்கு முன் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து பூஜ்யத்துக்கு அருகே காட்டுகிறதா என்று சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலை. பல ஆண்டுத் தரவு வீணாவது இதைச் செய்யாததால்தான்.

சரி, வெப்பம் வரும் என்று தெரிந்தால் செய்யக்கூடியது என்ன? பவளத்துக்கு வேறு எந்தச் சுமையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. கழிவுநீரும் உரமும் கடலில் கலக்கும்போது நைட்ரேட் ஏறி, பாஸ்பேட் ஈடுகொடுக்காமல் போனால் பவளம் குறைந்த வெப்பத்திலேயே வெளிறும். இது ஆய்வகச் சோதனைகளில் தெளிவாகக் காட்டப்பட்டது. வெப்ப மாதங்களில் கடலடியைத் தோண்டும் பணியை நிறுத்துவது, நங்கூரத்துக்குப் பதில் படகைப் பிணைக்க மிதவைகள் கட்டுவது, கிளிமீன் போன்ற பாசி மேயும் மீன்களைப் பிடிக்காமல் விடுவது எல்லாம் இதில் அடங்கும். பாசி மேயும் மீன்களை விட்டுவைப்பது வெளிறலைத் தடுக்காது. செத்த கூட்டின்மேல் பாசி மூடாமல் வைத்து, புதுப் பவளக் குஞ்சுகள் ஒட்ட இடம் கொடுக்கும். மன்னார் வளைகுடாவில் 2016 வெளிறலின்போது உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. ஒரே கோடையில் இவ்வளவு போகும்போது, அடுத்த பத்தாண்டில் அந்தக் காலி இடத்தை யார் பிடிக்கிறார்கள் என்பதே முக்கியம். அயல் இனங்கள் கதைக்குள் வருவது அங்கேதான்.

அயல் இனம்: முதல் நாள் வேறு, பத்தாவது ஆண்டு வேறு

கௌலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற கடற்பாசியின் இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்தால் போதும். 1984-ல் மொனாக்கோ கரையோரம் சுமார் ஒரு சதுர மீட்டரில் அது தென்பட்டது. அகற்றவில்லை. 2000 முடிவில் மத்தியதரைக்கடலில் 131 சதுர கிலோமீட்டர் பரப்பு அதன் பாதிப்புக்குள் வந்திருந்தது. அதே 2000 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஓர் உப்பங்கழியில் அதைக் கண்டவுடன், சில வாரங்களுக்குள் தார்ப்பாய்களால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006-ல் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலரைத் தாண்டியது. சிறு பரப்பில் படர்ந்த பாசிக்கு இவ்வளவா என்று கேட்கலாம்தான். மத்தியதரைக்கடலில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-ல் கருங்கோட்டுச் சிப்பி படகுத்துறைகளில் பிடிபட்டபோது, துறைகளை அடைத்து, குளோரினும் காப்பர் சல்ஃபேட்டும் கொட்டி உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொன்றார்கள். ஏற்ற இறக்கம் மிகுந்த கடல் என்பதால் அந்தத் துறைகளுக்கு ஏற்கெனவே மதகுகள் இருந்தன. அதனால்தான் அது முடிந்தது. திறந்த பவளத்திட்டில் இதைச் செய்ய முடியாது. வேதிப்பொருள் அங்கே அயல் இனத்தையும் பவளத்தையும் பிரித்துப் பார்க்காது.

எனவே தடுப்புக்கு முதல் பணம். கப்பல்களின் பாலஸ்ட் நீருக்கு உலக உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுத்திகரித்து வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலுமுள்ள உயிருள்ள உயிரிகள் 10-க்கும் குறைவாக இருக்க வேண்டும். அதைக் கண்காணிப்பது துறைமுகத்தின் வேலை. திட்டைப் பராமரிப்பவர் பார்க்க வேண்டியது சின்னப் படகுகளின் அடிப்பகுதி, மிதவைகள், பண்ணைக் கயிறுகள். இறங்குதுறைத் தூண்களில் ஆறு மாதத்துக்கொரு முறை படமெடுத்து வைத்தாலே புதிதாக ஏதும் ஒட்டியிருப்பது தெரிந்துவிடும். செலவு மிகக் குறைந்த வேலை இதுதான். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

உள்ளே வந்துவிட்ட பிறகு இனத்துக்கு இனம் வழி மாறும். கப்பாபைகஸ் ஆல்வரேசி என்ற செம்பாசியை எடுத்துக்கொள்வோம். கேரஜீனன் என்னும் கூழ்மப் பொருளுக்காகப் பல நாடுகளில் வளர்க்கப்படுவது. 2008-ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பது பதிவானது. தடித்த பாய் போல மூடி ஒளியைத் தடுக்கும். அடியில் பவளம் மூச்சுமுட்டிச் சாகும். கையால் பிடுங்குவதில் பிரச்சினை என்னவென்றால், பாசி முறியும். ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. பவளக் கிளைகளின் இடுக்கில் ஒட்டிய அடிப்பகுதி மிஞ்சினாலும் அதிலிருந்தே மறுபடி முளைக்கும். அதனால் அகற்றும் நாளில் அலை அடங்கியிருக்க வேண்டும். ஒருவர் பிடுங்க, அவர் கையருகிலேயே மற்றவர் சின்னக் கண்ணி வலைப்பையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நீரோட்டம் போகும் திசையில் மூன்றாமவர் நின்று தப்பும் துண்டுகளைப் பிடிக்க வேண்டும். கரைக்கு வந்த பாசியை ஓதம் தொடாத உயரத்தில் உலர்த்த வேண்டும். கரையோரம் குவித்துவிட்டால் அடுத்த ஓதம் திரும்ப எடுத்துப்போகும்.

இவ்வளவு செய்தும் மீந்துபோகும் நுனிகளுக்கு ஹவாயின் கனயோஹே விரிகுடாவில் கண்ட வழி நல்லது. முக்குளிப்பவர்கள் பிடுங்கிய பாசியைப் படகிலுள்ள உறிஞ்சு குழாயில் ஊட்டி மேலே ஏற்றினார்கள். கூடவே வந்த சிறு உயிர்களைப் பொறுக்கிக் கடலில் விட்டு, பாசியை விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்தார்கள். பிறகு குஞ்சுப் பண்ணையில் வளர்த்த உள்ளூர்க் கடல் முள்ளெலிகளை (உடலெங்கும் முட்கள் கொண்ட, பாசி மேயும் கடலுயிர்) திட்டில் விட்டார்கள். கை எட்டாத இடுக்குகளில் முளைத்ததை அவை மேய்ந்தன. இரண்டு ஆண்டில் அயல் பாசி 85 சதவீதம் குறைந்தது. முள்ளெலி உள்ளூர் இனமாக இருந்தது இங்கே முக்கியம். ஓர் அயல் இனத்தை ஒழிக்க இன்னோர் அயல் இனத்தைக் கொண்டுவருவது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான்.

சிங்கமீன் வேறு ரகம். இந்தோ-பசிபிக் மீனான இது 1985-ல் புளோரிடா அருகே முதன்முதலாகப் பதிவானது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டிருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. இன்று அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து பிரேசில் வரை பரவியிருக்கிறது. ஒரு பெண் மீன் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டை இடும். பஹாமாஸில் நடந்த சோதனையில், சிங்கமீன் இருந்த சிறு திட்டுகளில் ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் மீன்குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்தன. இதை ஒழிக்க முடியாது. முக்குளிப்போர் 30–40 மீட்டருக்கு மேல் இறங்குவது அரிது. மீனோ 300 மீட்டரிலும் இருக்கிறது, அங்கிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒழிக்கத் தேவையும் இல்லை. குறிப்பிட்ட திட்டுகளில் எண்ணிக்கையை 75 முதல் 95 சதவீதம் வரை குறைத்தபோது, உள்ளூர்ச் சிறு மீன்களின் எடை 50 முதல் 70 சதவீதம் ஏறியது.

ஈட்டியால் குத்தும்போது குறி தப்பினால், தப்பிய மீன் ஆளைக் கண்டாலே ஒளியக் கற்றுக்கொள்கிறது. வேட்டை நடந்த திட்டுகளில் பகலில் அவை வெளியே தெரிவது குறைகிறது. கணக்கெடுப்பவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாக ஏமாறுவார். புதியவர்களை முக்கியமான திட்டுக்கு அனுப்பாமல் வேறிடத்தில் பழக்க வேண்டும். காலை மாலை மங்கலில்தான் கணக்கெடுக்க வேண்டும். சிங்கமீனுக்கு 18 விஷ முட்கள். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் பட்ட இடத்தை ஊறவைப்பதே முதலுதவி. பிறகு மருத்துவரிடம்.

தீவில் எலி, கடலில் பவளம்

இரண்டு செலவும் ஒன்றாகச் சேரும் இடம் கடலுக்குள் இல்லை, தீவின் மேலே இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் சில தீவுகளில் எலி உண்டு, சிலவற்றில் இல்லை. எலி பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். எலி இல்லாத தீவுகளில் கடற்பறவை அடர்த்தி 760 மடங்கு. பறவை எச்சத்தால் மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு. அது மழையில் கரைந்து கடலுக்குப் போக, பக்கத்துத் திட்டுகளில் மீன் எடை 48 சதவீதம் அதிகம். 2018-ல் வெளியான இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் தொடர்ச்சியை அவ்வளவாகச் சொல்வதில்லை: 2016 வெளிறலில் எலி உள்ள தீவு, இல்லாத தீவு என்ற வேறுபாடில்லாமல் பவளப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போனது. பறவை எச்சம் பவளத்தை வெப்பத்திலிருந்து காக்கவில்லை. ஆனால் பறவைகள் நிறைந்த தீவருகே அக்ரோபோரா என்ற வகைப் பவளம் இரு மடங்கு வேகமாக வளர்ந்தது என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டியது. எலியை ஒழிப்பது, அடி வாங்காமலிருக்க அல்ல, அடி வாங்கியபின் எழுந்து நிற்க உதவும்.

கழிவுநீரின் நைட்ரேட் கெடுதல் என்றால் பறவை எச்சம் எப்படி நல்லது? எச்சத்தில் நைட்ரஜனோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது. வேறுபாடு அந்த விகிதத்தில் இருக்கிறது.

எலி ஒழிப்பில் 99 சதவீதம் என்பது தோல்வி. ஒரு ஜோடி போதும், தீவு மறுபடி நிறைந்துவிடும். வெப்பமண்டலத் தீவுகளில் தோல்வி அதிகம், காரணம் பெரும்பாலும் நண்டுகள். நிலநண்டும் துறவி நண்டும் விஷத்தீனியைத் தின்றுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த விஷம் அவற்றைக் கொல்லாது, எலிக்கு மிச்சம் வைக்காது. அதனால் அளவைக் கூட்டி, இடைவெளி விட்டு இரண்டு முறை இட வேண்டும். தென்னை உச்சியிலேயே வாழும் எலி தரைக்கு வராமலே போகலாம். 2011-ல் பசிபிக்கின் பால்மைரா தீவில் நீர்மேல் சாய்ந்த தென்னைகளின் கொண்டைகளிலும் தீனி வைத்தார்கள். அங்கே எலிகள் ஒழிந்தன. மறு ஆண்டு வேக் தீவில் இரண்டு எலி இனங்களில் ஒன்று மட்டுமே ஒழிந்தது. விஷம் தின்ற எலியைத் தின்னும் பறவைகளையும் முன்கூட்டிப் பிடித்து வைக்க வேண்டியிருக்கும். முடிந்தபின் வருகிற ஒவ்வொரு படகும் புது ஆபத்து.

பவளம் நடுவது

படமெடுக்க அழகான வேலை. நிதி எளிதில் கிடைக்கும். ஆனால் சராசரியாக நட்டதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலே பிழைக்கிறது, அதையும் பெரும்பாலான திட்டங்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கவனித்ததில்லை. நட்ட பரப்பு பெரும்பாலும் நூறு சதுர மீட்டர் அளவு. 2023 கோடையில் புளோரிடாவின் கடல்நீர் கொதித்தபோது பல பத்தாண்டு உழைப்பில் வளர்த்த கிளைப்பவளங்களை நாற்றங்கால்களிலிருந்து பெயர்த்துக் கரைத் தொட்டிகளுக்கு ஓடினார்கள்; கடலில் விட்டவற்றில் பெரும்பகுதி போனது.

நடுவதே வீண் என்று சொல்லவில்லை. காலமும் இடமும் பார்க்காமல் நடுவது வீண். நீரின் தரம் சரியில்லாத திட்டில், பாசி மேய ஆளில்லாத திட்டில், வெப்ப மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடுவதைவிட அந்தப் பணத்தில் மிதவை கட்டலாம். நட்டே ஆக வேண்டுமென்றால், வெளிறலில் பிழைத்த தாய்ப்பவளங்களிலிருந்து, ஒன்றிரண்டிலிருந்து மட்டுமல்லாமல் பலவற்றிலிருந்தும் துண்டு எடுங்கள். நாற்றங்கால் சட்டகங்களை வெப்பம் ஏறும்போது ஆழத்துக்கு இறக்கும்படி கயிற்றில் கட்டுங்கள். வேறு விரிகுடாவிலிருந்து துண்டு கொண்டுவர வேண்டாம். அடிக்கூட்டின் துளைகளில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று கண்ணால் தெரியாது. மறுசீரமைப்பே அயல் இனத்தின் வாசலாகிவிடும்.

எதை முதலில்

புதிய அயல் இனம் தென்பட்டு, பரப்பு சின்னதாக, வாசல் தெரிந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முடியுங்கள். இந்த வாய்ப்பு ஒரு முறைதான் வரும். அருகே எலி உள்ள, ஆள் குடியில்லாத தீவு இருந்தால் அடுத்த பெரிய செலவு அதற்கு. ஒருமுறைச் செலவு, பலன் திட்டுக்கும் சேர்த்து. இரண்டும் இல்லையென்றால் கழிவுநீர், நங்கூரம், பாசி மேயும் மீன்கள். ஏற்கெனவே பரவிவிட்ட கடல் இனமென்றால், தொடர்ந்து ஐந்தாண்டு ஆள் அனுப்ப முடியும் என்ற அளவுக்கு மட்டும் திட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிலும் ஆழத்திலோ நீரோட்டத்திலோ அமைந்து, வெளிறலில் குறைவாக அடிபட்ட திட்டுகளுக்கு முன்னுரிமை. காப்பாற்றிய இடம் அடுத்த கோடையில் வெந்துபோகக் கூடாதல்லவா.

நாள்காட்டியில் ஒன்று மட்டும் மோதும். வெயில் மாதங்களில் கடல் அமைதியாக இருப்பதால் பாசி பிடுங்கும் வேலையை அப்போதுதான் வைப்பார்கள். பவளம் தவித்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். பிடுங்கும்போது திசு கிழியும், கிளறிய வண்டல் மேலே படியும். கணக்கு 4 டிகிரி-வாரத்தை நெருங்கினால் பிடுங்குவதை நிறுத்திவிட்டு, அதே ஆட்களைக் கண்காணிப்புக்குத் திருப்புங்கள்: அடையாளமிட்ட அதே பவளங்கள், அதே நேரம், கையில் பவளத்தின் நிறத்தோடு ஒப்பிட ஆறு படிகள் கொண்ட நிற அட்டை. இரண்டு படி குறைந்தால் வெளிறல் என்று பதியலாம். நிறம் திரும்பிய பிறகே வலைப்பைகளோடு மறுபடி இறங்க வேண்டும். திரும்பாத இடங்களில் முதல் பயணத்திலேயே செத்த கூடுகளைப் பாருங்கள், கப்பாபைகஸ் துண்டு ஒட்டியிருந்தால் அது அங்கேதான் முதலில் இருக்கும்.